ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸ் (நிகழ்பட ஆட்டம்)

ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸ் என்பது ஜப்பானின் ஸ்குவயர் நிறுவனம் சோனியின் முதல் பிளேஸ்டேஷன் இயந்திரத்திற்காக உருவாக்கிய நிகழ்பட ஆட்டம் ஆகும். இது ஜப்பானில் 1997 சூன் 20 அன்றும், வட அமெரிக்காவில் 1998 சனவரி 28 அன்றும் வெளியானது. கற்பனை நாடு ஒன்றில் நிகழும் அரசுரிமைப் போரைக் கதைக்களமாகக் கொண்ட இவ்வாட்டம், படைவியூக ஆட்டத்தையும் பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தையும் இணைத்தது. சதுரங்கத்தில் உள்ளதுபோல் கட்டங்களில் காய்களை நகர்த்திப் போரிட வேண்டும். ஆனால் ஒவ்வொரு காயும் பெயரும் வயதும் பயிற்சியும் கொண்ட ஒரு மனிதர் என்பது இதன் சிறப்பு.

இவ்வகை ஆட்டங்களுள் மிகுந்த செல்வாக்குப் பெற்றவற்றுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. எனினும் இதன் முதல் ஆங்கிலப் பதிப்பின் பிழை மலிந்த மொழிபெயர்ப்பால், இதன் கதை பல ஆண்டுகள் சரியாகப் புரிந்துகொள்ளப்படாமல் இருந்தது. எழுதப்பட்ட வரலாறு உண்மையை எவ்வாறு மறைக்கிறது என்பதே அக்கதையின் மையப்பொருள் ஆகும்.

வகையும் முன்னோடிகளும்

பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்களில் ஆட்டக்காரர் ஒரு கதைமாந்தராக உலகைச் சுற்றி வந்து, போர்களில் அனுபவம் பெற்று வலிமை அடைவார். வியூக ஆட்டங்களில் ஒரு படைத்தலைவரைப்போல் களம் முழுவதையும் மேலிருந்து நோக்கி, யாரை எங்கே நிறுத்துவது என முடிவு செய்வார். இவ்விரண்டையும் இணைத்த வகை ஜப்பானிய இயந்திரங்களில் வேரூன்றியது. நின்டென்டோவின் ஃபேமிகாம் இயந்திரத்திற்கு 1990-இல் வெளியான ஃபயர் எம்பிளம், சேகா மெகா டிரைவ் இயந்திரத்திற்கு 1992-இல் வெளியான ஷைனிங் ஃபோர்ஸ் ஆகியவை இவ்வகையின் முன்னோடிகளாகும்.

தமிழர்க்கு இவ்வகையின் அடிப்படை புதியதன்று. ஆடு புலி ஆட்டத்தில் 3 புலிகளும் 15 ஆடுகளும் 23 புள்ளிகள் கொண்ட கட்டத்தில் மோதுகின்றன. புலி தாவி வெட்டும். ஆடு வெட்டாது, சூழ்ந்து நின்று வழியை அடைக்கும். இரு தரப்பின் வலிமையும் வேறு வேறாக இருப்பதால், எண்ணிக்கையைக் காட்டிலும் நிற்கும் இடமே வெற்றியைத் தீர்மானிக்கிறது. இதே கொள்கையே ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸ் ஆட்டத்தின் ஒவ்வொரு போரிலும் செயல்படுகிறது.

உருவாக்கம்

இவ்வாட்டத்தை இயக்கியவர் யசுமி மட்சுனோ. இவர் முன்னர் குவெஸ்ட் என்னும் நிறுவனத்தில் பணியாற்றி, சூப்பர் ஃபேமிகாம் இயந்திரத்திற்காக ஓகர் பேட்டில் (1993), டாக்டிக்ஸ் ஓகர் (1995) ஆகிய ஆட்டங்களை உருவாக்கியவர். 1995-இல் ஸ்குவயர் நிறுவனத்தில் சேர்ந்தார். ஃபைனல் ஃபேன்டசி தொடரைத் தொடங்கிய இரோனோபு சகாகுச்சி இவ்வாட்டத்தின் தயாரிப்பாளர் ஆவார். போர் அமைப்பை இரோயுகி இட்டோ வடிவமைத்தார். கதைமாந்தர்களின் உருவங்களை அகிகிகோ யோசிடா வரைந்தார். இசையை இட்டோசி சகிமோட்டோ, மசாகரு இவாட்டா ஆகிய இருவரும் அமைத்தனர்.

1997-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதே நிறுவனத்தின் ஃபைனல் ஃபேன்டசி 7 வெளியாகிப் பெரும் வெற்றி பெற்றிருந்தது. திரைப்படம் போன்ற முப்பரிமாணக் காட்சிகள் அதன் அடையாளமாக இருந்தன. சில மாதங்களில் வெளிவந்த டாக்டிக்ஸ் வேறு வழியைப் பின்பற்றியது. இதன் போர்க்களங்கள் முப்பரிமாணத்தில் அமைந்து, நான்கு பக்கமும் திருப்பிப் பார்க்கத்தக்கவை. அவற்றின்மீது நடமாடும் மாந்தர்களோ கையால் வரையப்பட்ட சிறிய இருபரிமாண உருவங்கள். மூக்கில்லாத அம்முகங்கள் பொம்மலாட்டப் பாவைகளை ஒத்திருந்தன. வஞ்சனையும் கொலையும் நிறைந்த கதையை இப்பாவைகள் நடித்துக் காட்டுவது இவ்வாட்டத்தின் தனித்தோற்றமாக அமைந்தது.

ஆட்டமுறை

ஒரு போரில் ஆட்டக்காரர் பொதுவாக ஐவர் வரையிலான சிறு படையை இறக்கலாம். களம் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. தன் முறை வரும்போது ஒரு வீரர் ஒருமுறை நகரலாம், ஒருமுறை செயல்படலாம். செயல் என்பது வாள்வீச்சு, அம்பெய்தல், மந்திரம், மருந்திடல் முதலியவற்றுள் ஒன்று.

முறை வரும் விதம்

சதுரங்கத்தில் இரு தரப்பும் மாறி மாறி ஆடும். இவ்வாட்டத்தில் முறை தரப்பிற்கு உரியதன்று. தனித்தனி வீரருக்கு உரியது. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு காலக் கணக்கு உண்டு. ஆட்டத்தின் கடிகாரம் ஒருமுறை துடிக்கும்போது அவ்வீரரின் வேக எண் அக்கணக்கில் சேர்க்கப்படும். கணக்கு 100-ஐ எட்டியதும் அவருக்கு முறை கிடைக்கும். வேகம் 10 உடையவர் 10 துடிப்புகளில் முறை பெறுவார். வேகம் 8 உடையவருக்கு 13 துடிப்புகள் தேவை.

முறை முடிந்ததும் கணக்கிலிருந்து ஒரு தொகை கழிக்கப்படும். நகர்ந்து செயலும் புரிந்தவருக்கு 100, இரண்டில் ஒன்றை மட்டும் செய்தவருக்கு 80, எதுவும் செய்யாமல் காத்திருந்தவருக்கு 60 கழியும். எனவே காத்திருப்பவருக்கு அடுத்த முறை விரைவில் வருகிறது. பொறுமைக்கும் இவ்வாட்டத்தில் எண்ணிக்கையில் அளவிடத்தக்க பயன் உண்டு.

நிலமும் திசையும்

கட்டங்கள் ஒரே மட்டத்தில் இல்லை. கூரை, படிக்கட்டு, ஆற்றங்கரை, பாறை என உயரம் வேறுபடும். உயரத்தில் நிற்கும் வில்லாளியின் அம்பு நெடுந்தொலைவு செல்லும். குதிக்கும் திறன் குறைந்தவர் சுவரேற முடியாது. ஒவ்வொரு வீரரும் ஏதேனும் ஒரு திசையை நோக்கி நிற்கிறார். முன்னிருந்து வரும் தாக்குதலைக் கேடயத்தால் தடுக்க இயலும். முதுகுப்புறத் தாக்குதலைத் தவிர்ப்பது மிகக் கடினம். ஆகவே முறையின் இறுதியில் எத்திசை நோக்கி நிற்பது என்பதும் ஒரு முடிவாகிறது.

மந்திரமும் நம்பிக்கையும்

வலிய மந்திரங்கள் உடனே பலிப்பதில்லை. ஓதத் தொடங்கியதிலிருந்து பலிக்கும்வரை சில துடிப்புகள் கடக்க வேண்டும். அதற்குள் எதிரி நகர்ந்துவிடக்கூடும். எதிரியைக் குறிவைத்த நெருப்பு மந்திரம் அவரைப் பின்தொடர்ந்து செல்லும். அவர் ஆட்டக்காரரின் படைக்கு நடுவே வந்து நின்றால் சொந்த வீரரும் எரிவர். களத்தின் முறைப்பட்டியலைப் படித்து, யார் எப்போது அசைவார் என்று கணித்த பின்னரே மந்திரத்தைத் தொடங்க வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் துணிவு, நம்பிக்கை என்னும் இரு எண்கள் உண்டு. மந்திரத்தின் விளைவு, ஓதுபவர் நம்பிக்கையையும் ஏற்பவர் நம்பிக்கையையும் பொறுத்தது. இருவருக்கும் நம்பிக்கை 70 எனில் மந்திரம் அதன் முழு ஆற்றலில் 49 விழுக்காடு பலிக்கும். ஏற்பவர் நம்பிக்கை 40 எனில் 28 விழுக்காடு மட்டுமே பலிக்கும். நம்பிக்கையற்றவரைத் தீய மந்திரம் எளிதில் வெல்லாது. ஆனால் குணமாக்கும் மந்திரமும் அவரைக் காப்பாற்றாது. நம்பிக்கை எண் நிலையாக மிக உயர்ந்துவிட்டால் அவ்வீரர் சமயப்பற்று மேலிட்டுப் படையை விட்டே விலகிச் செல்வார். சமயநிறுவனம் ஒன்றின் வஞ்சகத்தைக் கூறும் கதையில் இக்கணக்கு பொருத்தமாக அமைகிறது.

பணிகள்

வீரர்கள் ஏவலர், மருந்தாளர் என்னும் இரு தொடக்கப் பணிகளிலிருந்து பயிற்சியைத் தொடங்குவர். ஒன்றில் தேர்ச்சி பெறப்பெற வேறு பணிகள் திறக்கும். வாள்மறவர், வில்லாளி, துறவி, திருடர், வெண்மந்திரவாதி, கருமந்திரவாதி, சாமுராய், நிஞ்சா முதலாக மொத்தம் 20 பொதுப் பணிகள் உள்ளன. பாணர் பணி ஆண்களுக்கும், ஆடலர் பணி பெண்களுக்கும் மட்டும் உரியவை.

ஒரு பணியில் கற்றதை மற்றொரு பணிக்கு மாறிய பின்னும் பயன்படுத்தலாம் என்பது இவ்வமைப்பின் உயிர்நாடி. ஒரு வீரருக்கு அவர் பணிக்குரிய செயல், வேறொரு பணியில் கற்ற செயல், எதிர்வினைத் திறன், துணைத்திறன், நகர்வுத்திறன் என ஐந்து இடங்கள் உண்டு. இவற்றை நிரப்பும் வகைகள் மிகப் பல. வில்லாளிக்கு மருத்துவம் தெரியலாம். மந்திரவாதி நிஞ்சாவின் கைத்திறனைக் கற்றிருக்கலாம்.

பணிகளுள் விந்தையானது கணக்காளர் பணியாகும். இவர் தனி ஒருவரைக் குறிவைப்பதில்லை. நிலை, அனுபவம், உயரம், காலக் கணக்கு ஆகிய நான்கில் ஒன்றையும், பகா எண், 5-இன் மடங்கு, 4-இன் மடங்கு, 3-இன் மடங்கு ஆகிய நான்கில் ஒன்றையும் தேர்ந்தெடுப்பார். எடுத்துக்காட்டாக, உயரமும் 3-இன் மடங்கும் தேர்ந்தெடுக்கப்பட்டால், உயரம் 3-ஆல் வகுபடும் கட்டங்களில் நிற்கும் அனைவர்மீதும் மந்திரம் உடனே பலிக்கும். நண்பர், பகைவர் என்ற வேறுபாட்டை எண் அறியாது.

மரணம்

உயிராற்றல் தீர்ந்து வீழ்ந்த வீரரின் தலைக்குமேல் 3 என்னும் எண் தோன்றும். அவருடைய முறை வரும்போதெல்லாம் அது ஒவ்வொன்றாகக் குறையும். எண் தீர்வதற்குள் யாரேனும் உயிர்ப்பிக்காவிடில் அவர் ஒரு படிகமாகவோ பொருட்பெட்டியாகவோ மாறி, என்றென்றைக்கும் இல்லாதொழிவார். பிற வீரர் அப்படிகத்தை எடுத்தால், இறந்தவர் கற்ற திறன்களில் சிலவற்றைத் தாம் பெறலாம். பல மணி நேரம் வளர்த்த வீரரை இழப்பது ஆட்டக்காரருக்கு உண்மையான இழப்பாகிறது. வெற்றி ஒருபுறம், வீழ்ந்தவரைக் காக்கும் கடமை மறுபுறம் என இரண்டிற்கும் இடையே முடிவெடுக்க நேர்வதே பல போர்களின் பதற்றத்திற்குக் காரணம்.

கதை

குறிப்பு: இப்பகுதியில் கதையின் முடிவும் கூறப்படுகிறது.

கதை நான்கு பகுதிகளாக அமைந்துள்ளது. இவாலிஸ் நாடு அண்டை நாட்டுடன் நடத்திய ஐம்பதாண்டுப் போரில் தோல்வியுற்றுள்ளது. போரிட்ட எளிய படைவீரர்களுக்கு ஊதியம் வழங்க அரசிடம் பணம் இல்லை. வேலையிழந்த அவர்களுள் ஒரு பகுதியினர் உயர்குடியினருக்கு எதிராகக் கிளர்ச்சி செய்கின்றனர். வேறு சிலர் வழிப்பறியில் இறங்குகின்றனர். இந்நிலையில் மன்னர் இறக்கிறார். வாரிசான இளவரசர் இன்னும் குழந்தை. குழந்தையின் பேரால் ஆட்சி செய்ய லார்க் கோமகனும், இளவரசி ஒவேலியாவை முன்னிறுத்திக் கோல்டனா கோமகனும் மோதுகின்றனர். ஒருவர் கொடியில் வெள்ளைச் சிங்கமும் மற்றவர் கொடியில் கருஞ்சிங்கமும் இருப்பதால் இது சிங்கங்களின் போர் எனப்படுகிறது. இங்கிலாந்தில் 15-ஆம் நூற்றாண்டில் வெள்ளை ரோசாவையும் சிவப்பு ரோசாவையும் சின்னமாகக் கொண்ட இரு அரசகுலங்கள் நடத்திய ரோசாப்பூப் போர்களை இது நினைவூட்டுகிறது.

கதைத்தலைவன் ராம்சா, புகழ்பெற்ற பியூல்வ் மறக்குடியின் கடைசி மகன். அவன் தோழன் டெலிட்டா, அதே மாளிகையில் வளர்ந்த எளிய குடிமகன். டெலிட்டாவின் தங்கை டீட்ராவைக் கிளர்ச்சியாளர்கள் உயர்குடிப் பெண் எனத் தவறாகக் கருதிப் பிணையாகக் கவர்ந்து செல்கின்றனர். அவளை மீட்கச் சென்ற படையே, அவள் எளிய குடியில் பிறந்தவள் என்பதால், பேச்சுவார்த்தைக்கு இடமின்றி அவளை அம்பெய்து கொல்கிறது. ஆணையிட்டவன் ராம்சாவின் அண்ணன். முதற்பகுதியின் இறுதியில் நிகழும் இக்கொலையே இருவர் வாழ்வையும் பிரிக்கிறது.

ராம்சா தன் குடிப்பெயரைத் துறந்து கூலிப்படை வீரனாகிறான். போருக்குப் பின்னால் கிளபடாஸ் என்னும் சமயநிறுவனத்தின் சூழ்ச்சி இருப்பதையும், அது புனிதமெனப் போற்றும் பன்னிரண்டு இராசிக் கற்களுக்குள் தீய சக்திகள் உறைவதையும் அவன் கண்டறிகிறான். உண்மையைக் கண்டதற்காகச் சமயப்பகைவன் என அறிவிக்கப்படுகிறான். டெலிட்டாவோ, தன்னைப் பயன்படுத்திய அனைவரையும் தான் பயன்படுத்திக்கொள்வது என்று முடிவு செய்கிறான். இரு தரப்பையும் ஏமாற்றி, இளவரசி ஒவேலியாவை மணந்து மன்னனாகிறான். போர் அவனால் முடிவுக்கு வருகிறது. ஆனால் ஒவேலியாவே தன்னையும் அவன் கருவியாக்கினான் என்று நம்பி அவனைக் கத்தியால் குத்துகிறாள். அவனும் அவளைக் குத்துகிறான். தான் அடைந்தது என்ன என்ற கேள்வியுடன் அவன் கதை முடிகிறது.

வரலாறும் உண்மையும்

இக்கதை முழுவதையும் கூறுபவர், பல நூற்றாண்டுகளுக்குப் பின் வாழும் அராஸ்லாம் என்னும் வரலாற்றாசிரியர். நாட்டு வரலாற்றின்படி, எளிய குடியில் பிறந்து போரை முடித்துவைத்த வீரன் டெலிட்டா. ராம்சாவுக்கு அதில் இடமில்லை. சமய ஏடுகளில் அவன் பகைவனாக மட்டுமே குறிக்கப்படுகிறான். போரை நேரில் கண்ட ஓரன் துராய் உண்மையை எழுதி வைத்தான். அதனை வெளியிட முயன்றதற்காக அவன் உயிருடன் எரிக்கப்பட்டான்; அவன் எழுதியவை சமயநிறுவனத்தால் மறைக்கப்பட்டன. துராய் மரபில் வந்த அராஸ்லாம், நெடுங்காலம் கழித்து வெளிப்பட்ட அவ்வேடுகளைக் கொண்டு ராம்சாவின் கதையை மீட்டெடுக்கிறார்.

இதனால் ஆட்டக்காரர் ஒரு வீரனை வெற்றிக்கு அழைத்துச் செல்லும்போதே, அவன் பெயர் எங்கும் எழுதப்படப்போவதில்லை என்பதை அறிந்தே ஆடுகிறார். பரிசும் பட்டமும் இல்லாத நற்செயலுக்குப் பொருள் உண்டா என்பதே ஆட்டம் எழுப்பும் கேள்வி.

அரசரின் பெருமை கூறும் எழுத்திற்கும் எளியவர் நினைவைக் காக்கும் எழுத்திற்கும் உள்ள இவ்வேறுபாடு தமிழ்நாட்டு வரலாற்றிலும் காணத்தக்கது. பல்லவர் செப்பேடுகள் மன்னர் குலத்தையும் வெற்றிகளையும் பாடுகின்றன. அதே காலத்தில், மேற்கே ஆலங்காயமும் தெற்கே செங்கமும் அருகமைந்த சவ்வாது மலையைச் சூழ்ந்த நிலப்பகுதியில் ஊரார் நடுகற்களை எழுப்பினர். தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி பதிப்பித்த செங்கம் நடுகற்கள் நூல் 1972-இல் வெளிவந்தது. ஆநிரை மீட்கும் சிறுபூசல்களில் இறந்த வீரர்களின் பெயர்களை இக்கற்கள் தாங்கியுள்ளன. மகேந்திரவர்மன் காலத்து எடத்தனூர் நடுகல், கருந்தேவக்கத்தி என்னும் வீரனுடன் கள்வரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அக்கற்கள் இல்லையெனில் இப்பெயர்கள் எந்த அரச ஆவணத்திலும் கிடைத்திரா. கற்பனைக் கதையில் துராய் ஏடுகள் செய்யும் பணியை இங்கே நடுகற்கள் செய்துள்ளன.

மொழிபெயர்ப்புச் சிக்கல்

1998-ஆம் ஆண்டின் ஆங்கிலப் பதிப்பு பிழைகளுக்குப் பெயர்பெற்றது. ஆட்டத்தைக் கற்றுத்தரும் பயிற்சிப் பகுதியே படித்துப் புரிந்துகொள்ள இயலாதபடி அமைந்தது. பறவைநாகங்கள் நெருப்பையும் பனியையும் மூச்சாக உமிழும் தாக்குதல்கள், கைக்காப்பு என்னும் பொருள்படும் சொல்லால் பெயரிடப்பட்டன. ஆங்கிலத்தில் மூச்சைக் குறிக்கும் சொல்லை ஜப்பானிய எழுத்தில் எழுதும்போது, அது கைக்காப்பைக் குறிக்கும் சொல்லின் தொடக்கத்தைப்போல் ஒலிப்பதே இக்குழப்பத்திற்குக் காரணம்.

இவை நகைப்பிற்குரிய பிழைகள். கதைக்கு நேர்ந்த இழப்போ பெரிது. யார் யாரை ஏமாற்றுகிறார், எந்தக் கோமகனின் கட்டளை எது என்பன நுட்பமான உரையாடல்களைச் சார்ந்தவை. அவ்வுரையாடல்கள் தெளிவிழந்தபோது, அரசியல் கதை பலருக்குக் குழப்பமான பெயர்ப்பட்டியலாகவே தோன்றியது. மறைக்கப்பட்ட ஏடுகளைப் பற்றிய கதையின் சொந்த ஏடே தெளிவின்றிப் போயிற்று. 2007-இல் வெளியான மறுபதிப்பிற்காக ஜோசப் ரீடர், டாம் ஸ்லாட்டரி ஆகியோர் பழைய நாடக மொழியைத் தழுவிய ஆங்கிலத்தில் அனைத்தையும் புதிதாக மொழிபெயர்த்தனர். அதன் பின்னரே ஆங்கிலம் அறிந்தோர் பலர் கதையின் முழுமையை உணர்ந்தனர். தமிழில் இவ்வாட்டம் வெளியிடப்படவில்லை.

மதிப்பீடு

ஜப்பானில் 1997-ஆம் ஆண்டிலேயே 10 இலட்சத்திற்கும் மேற்பட்ட படிகள் விற்றன. விமர்சனங்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் பிளேஸ்டேஷன் பதிப்பு 100-க்கு 83 மதிப்பெண்ணும், 2007-ஆம் ஆண்டு மறுபதிப்பு 88 மதிப்பெண்ணும் பெற்றுள்ளன. வெளியாகிப் பத்தாண்டுகள் கழிந்த பின் ஓர் ஆட்டத்தின் மறுபதிப்பு முதற்பதிப்பைக் காட்டிலும் கூடுதல் மதிப்பெண் பெறுவதில் புதிய மொழிபெயர்ப்பிற்கும் பங்கு உண்டு.

நிறைகள்

பணிகளை இணைக்கும் அமைப்பு, ஒவ்வோர் ஆட்டக்காரரும் தமக்கே உரிய படையை உருவாக்க இடமளிக்கிறது. போர்க்களங்கள் சிறியவை; பெரும்பாலான போர்கள் அரைமணி நேரத்திற்குள் முடிவுறும். ஆயினும் உயரம், திசை, காலக் கணக்கு, இராசிப் பொருத்தம் எனப் பல காரணிகள் ஒன்றுகூடுவதால் ஒரு போரைப்போல் மற்றொன்று அமைவதில்லை. கதைமாந்தரின் வரலாற்றையும் நாட்டு நிகழ்வுகளையும் எப்போது வேண்டுமானாலும் படித்துப்பார்க்க உதவும் ஏட்டுப் பகுதி, சிக்கலான கதையைப் பின்தொடர உதவுகிறது. சகிமோட்டோ, இவாட்டா ஆகியோரின் இசை பல்லியக் குழுவின் ஒலியை ஒத்து, போருக்கு முந்தைய அச்சத்தையும் தோல்வியின் துயரையும் உணர்த்துகிறது.

குறைகள்

கடினம் ஒரே சீராக இல்லை. தொடக்கத்திலேயே டோர்ட்டர் நகரச் சேரியில் நிகழும் போர், கூரைமேல் நிற்கும் வில்லாளிகளாலும் மந்திரவாதிகளாலும் புதியவரைத் திணறச் செய்கிறது. அதற்கு மாறாக, நான்காம் பகுதியில் படையில் சேரும் ஓர்லாண்டு என்னும் முதுவீரர் ஏறத்தாழ எவரையும் வெல்லும் ஆற்றல் கொண்டவர். அவரைக் களமிறக்கினால் பின்வரும் பல போர்களில் வியூகத்திற்கே தேவை குறைகிறது. கணக்காளர் பணியும் இத்தகையதே.

மிகுதியாகச் சுட்டப்படும் குறை ரியோவேனஸ் கோட்டைப் பகுதியாகும். இங்கு அடுத்தடுத்து நிகழும் போர்களுக்கு இடையே வெளியுலகிற்குத் திரும்பிப் பயிற்சி பெற இயலாது. நடுவில் ராம்சா, வீக்ராஃப் என்னும் வலிய எதிரியுடன் தனித்துப் போரிட வேண்டும். போர்களுக்கு இடையே ஆட்டத்தைச் சேமிக்க இயலும் என்பதே இங்குப் பொறியாகிறது. நினைவக அட்டையில் ஒரே இடத்தில் மட்டும் சேமித்தவர், வலிமை போதாத ராம்சாவுடன் அங்கே சிக்கிக்கொண்டால், தொடக்கத்திலிருந்து மீண்டும் ஆடுவதைத் தவிர வழியில்லை. ஆகவே கோட்டைக்குள் நுழையும் முன் தனியாக ஒரு சேமிப்பு வைத்துக்கொள்வது நல்லது.

தொடர்ந்த படைப்புகளும் மறுவெளியீடுகளும்

இவாலிஸ் நாடு பின்னர் வேகிரண்ட் ஸ்டோரி (2000), ஃபைனல் ஃபேன்டசி 12 (2006) ஆகிய ஆட்டங்களுடனும் தொடர்புபடுத்தப்பட்டது. கேம் பாய் அட்வான்ஸ் கையடக்க இயந்திரத்திற்கு ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸ் அட்வான்ஸ் என்னும் வேறு கதை 2003-இல் வெளியானது. அதன் தொடர்ச்சி 2007-இல் நின்டென்டோ டிஎஸ் இயந்திரத்திற்கு வந்தது.

மூல ஆட்டத்தின் மறுபதிப்பு, சிங்கங்களின் போர் என்னும் துணைப்பெயருடன் 2007-இல் பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் இயந்திரத்திற்கு வெளியானது. அசைபடக் காட்சிகளும், இரு புதிய பணிகளும், இருவர் சேர்ந்து ஆடும் வசதியும் சேர்க்கப்பட்டன. முதற்பதிப்பு ஐரோப்பாவில் வெளியிடப்படாததால், அங்குள்ளோர்க்கு இதுவே முதல் அதிகாரபூர்வப் பதிப்பாக அமைந்தது. மந்திரக் காட்சிகளின்போது ஆட்டம் வேகம் குறைவது இதன் குறையாகச் சுட்டப்பட்டது. இது 2011-இல் ஐபோனுக்கும் 2015-இல் ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கும் வந்தது.

இவாலிஸ் குரோனிக்கிள்ஸ் என்னும் பெயரில் மற்றொரு மறுபதிப்பு 2025 செப்டம்பர் 30 அன்று பிளேஸ்டேஷன் 4, பிளேஸ்டேஷன் 5, நின்டென்டோ சுவிட்ச், எக்ஸ்பாக்ஸ், கணினி முதலியவற்றிற்கு வெளியானது. மூல ஆட்டத்தில் பணியாற்றிய கசுடோயோ மாயேகிரோ இதனை இயக்கினார். மட்சுனோ உரையாடல்களைத் திருத்தி எழுதினார். உரையாடல்கள் முழுமையாகக் குரல் பெற்றன. பழைய ஆட்டத்தைத் தழுவிய வடிவம், மேம்படுத்தப்பட்ட வடிவம் என இரண்டும் இதில் அடங்கும். 2007-இல் சேர்க்கப்பட்ட புதிய பணிகள் இதில் இடம்பெறவில்லை.

இப்பதிப்பை உருவாக்கத் தொடங்கியபோது 1997-ஆம் ஆண்டு ஆட்டத்தின் மூல நிரல் பாதுகாக்கப்படவில்லை என்பது தெரியவந்தது. ஆகவே உருவாக்குநர்கள் வெளியான பழைய ஆட்டத்தையே ஆடிப்பார்த்து ஆராய்ந்து, அதன் அமைப்பை மீட்டெடுக்க வேண்டியதாயிற்று. மின்னணு ஆக்கங்கள் இயந்திரம் மாறும்போதெல்லாம் அழிவை எதிர்நோக்குகின்றன. நிறுவனத்தின் களஞ்சியத்தில் இல்லாமற்போன ஓர் ஆட்டம், மக்கள் வாங்கி வைத்திருந்த குறுவட்டுகளில் எஞ்சியிருந்தது.